பதினேழாம் பக்கத்துப் பென்சில் குறி

பென்சிலில் எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நம்பினோம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் விழாது என்பது தெரிந்துவிடுகிற மாதிரி, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதுவும் தெரிந்துவிடும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மொத்தம் பன்னிரண்டு பேர். துறைமுகத்தையும் எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளையும் நம்பிப் பிழைத்த சின்னக் கம்பெனி. எடை மேடைக்கு, வாசல் கேட்டுக்கு, கிரேனுக்கு என்று கம்ப்யூட்டர் பெட்டிகள் செய்து, அதற்கு மென்பொருள் எழுதிக் கொடுப்போம். ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் புழுதி. மூடினால் புழுக்கம். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊரின் தென்கோடியில் கண்ணாடிக் கட்டடங்களில் என்னோடு படித்தவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அவர்கள் மீது பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் முதலாளிக்கு ஒரு தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதனால் ஒரு விதி வந்தது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் காகிதத்தில் அச்சடித்து வரி வரியாகப் படிக்க வேண்டும். கண்ட பிழைகளைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விதிதான். அதைக் குட்டிச்சுவர் ஆக்கியது எங்கள் மேலாளர். படிவத்தில் இருந்த பிழைகளை எண்ணி, எழுதியவர் பெயருக்கு நேராகச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தார். யாருக்கு வேலை நிரந்தரம் ஆகும் என்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் என்று அறிவித்தார்.

அன்றோடு பேனாவுக்கு வேலை போயிற்று. எல்லோரும் பென்சிலால் படித்தோம். பிழை கண்ட இடத்தில் அச்சுத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி, இரண்டு வார்த்தை. எழுதியவரைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டுப் போய்க் காட்டுவோம். அவர் திருத்துவார். நாங்கள் ரப்பரால் அழிப்போம். படிவத்தில் மட்டும் பேனாவால், ‘பிழைகள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். மேலாளர் சுவரைப் பார்த்துப் பூரித்துப்போவார். இதை நாங்கள் ஏமாற்று என்று நினைக்கவே இல்லை. ஒருவர் வயிற்றில் இன்னொருவர் அடிக்காமல் இருக்கிறோம் என்றுதான் நினைத்தோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது, அந்த நல்லெண்ணத்தின் மீதே.

அந்த வருடம் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் எடை மேடைக்கு எங்களிடம் வேலை வந்தது. லாரி மேடைமீது நிற்கக் கூடாது, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும்போதே எடை விழ வேண்டும் என்றார்கள். மேடைக்கு அடியில் இருக்கும் கருவிகள் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான அளவுகளை நெட்வொர்க் கம்பி வழியாக அனுப்பும். எங்களிடம் இருந்ததோ ஒரு பழைய, மலிவான கம்ப்யூட்டர். அதில் கெர்னல் என்று ஒன்று உண்டு, நெட்வொர்க் கார்டைத் தொடும் உரிமை அதற்கு மட்டும்தான். தாலுகா ஆபீஸ் கிளார்க்கைப் போல, வருகிற ஒவ்வொரு துண்டுத் தகவலையும் வாங்கி, பார்த்து, முத்திரை குத்தித்தான் உள்ளே அனுப்பும். அதற்குள் பாதி அளவுகள் தொலைந்துபோயின.

கிளார்க்கே வேண்டாம், எடை நிரலே கார்டிடம் நேராகப் பேசட்டும் என்று முடிவாயிற்று. அப்படிப் பேசும் பகுதிக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதை எழுதும் பொறுப்பு என் நண்பனுக்கு வந்தது. படித்துப் பார்க்கும் பொறுப்பு எனக்கு.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பம். அவனுக்குக் கடை பிடிக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் பேசாமல் கல்லாவில் வந்து உட்கார வேண்டும் என்று அவன் அப்பா கெடு வைத்திருந்தார். கெட்டிக்காரன். அதைவிட எனக்கு முக்கியம், மத்தியானம் என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு என்று நான் சொன்ன நாளிலிருந்து மற்றவர்கள் தங்கள் பாக்ஸை ஓர் அங்குலம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். ஓர் அங்குலம்தான். அளந்து பார்த்தால் அதற்கு மேல் இருக்காது. எங்கள் அம்மா வைக்கும் கறிக்குழம்பை அவன் மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, “எங்க வீட்டுல இப்படி காரமா வைக்க மாட்டாவ” என்பான்.

டிரைவர் முப்பது பக்கம் வந்தது. நான் இரண்டு நாள் படித்தேன். அதன் உயிர் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நினைவகத்தில் ஒரு துண்டை ஒதுக்கி, அதை நிரல் தன் சொந்த இடம் போலப் பயன்படுத்த ஒட்டிக்கொள்ளும் வேலை அது. மெமரி மேப்பிங் என்போம். பிறகு கார்டிடம், ‘வருகிற தகவலை எல்லாம் இந்த விலாசத்தில் போடு’ என்று சொல்லிவிட வேண்டும். கார்டு யாரையும் கேட்காமல் அங்கே போட்டுக்கொண்டே இருக்கும்.

சின்னப் பிழைகள் மூன்று கிடைத்தன. ஒதுக்கீடு தோற்றால் பூஜ்யம் வரும் என்று எழுதியிருந்தான். வராது, கழித்தல் ஒன்று வரும். நீளத்தைப் பக்க அளவுக்கு முழுமையாக்காமல் விட்டிருந்தான். மூன்றாவது எனக்கு மறந்துவிட்டது. நான்காவதுதான் மறக்கவில்லை.

நிரல் ஒழுங்காக மூடப்பட்டால் கார்டிடம் ‘நிறுத்து’ என்று சொல்லிவிட்டுப் போயிற்று. சரி. ஆனால் நிரல் திடீரென்று செத்தால்? கெர்னல் அந்த நினைவகத்தைப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். கார்டுக்கு அது தெரியாது. மறுபடி நிரலை ஏற்றினால் புது விலாசம் தரப்படும். ஆனால் கார்டு தன் கையில் மிச்சமிருக்கும் பழைய விலாசங்கள் தீரும்வரை அங்கேயே போடும். எங்கள் ஹவுசிங் போர்டுக்குத் தண்ணீர் லாரி வரும். குழாய் பிடிக்கிற ஆள் வரிசையைப் பார்ப்பானே தவிரக் குடத்தைப் பார்க்க மாட்டான். என் குடத்தை நான் எடுத்துக்கொண்டு போன இடத்தில் இன்னொருத்தி அரிசிப் பானையை வைத்திருந்தாலும் தண்ணீர் அதில்தான் விழும். அதே கதைதான். ஏற்றும்போதே கார்டை ஒருமுறை அதட்டி, பழையதை எல்லாம் மறக்கவைத்துவிட்டு ஆரம்பித்தால் போதும். மூன்று வரி.

ஓரத்தில் பென்சிலால் பெரிய வட்டம் போட்டு, ‘செத்துப் பிழைத்தால்?’ என்று எழுதினேன்.

தேநீர்க் கடையில் அவனிடம் காட்டினேன். “மத்தது பரவால்ல. இத பேனால எழுதிடலாம்னு தோணுது. இது சின்ன விஷயம் இல்ல.”

“எழுது. எழுதிட்டு அடுத்த மாசம் எங்க கடைக்கு வா. நான்தான் துவரம் பருப்பு நிறுத்துக் குடுப்பேன்” என்றான். சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் அவன் கண் என் படிவத்தின் மேலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை அவனுடைய வேலை நிரந்தரம் பற்றிய பேச்சு.

“இன்னிக்கே போட்டுருதேன். நீ நம்பு” என்றான்.

மறுநாள் காலை வந்ததும் என் மேசை அருகே நின்று, “போட்டாச்சு” என்றான். நான் ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தேன். படிவத்தில் ‘பிழைகள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருத்திய நிரலை நான் திறந்து பார்க்கவில்லை. நேரமில்லை, அச்சு இயந்திரத்தில் ரிப்பன் தேய்ந்திருந்தது என்று எனக்கு நானே பிற்பாடு எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை இதுதான்: பார்த்தால் அவனை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று கூச்சம். என் பாக்ஸில் சாப்பிடுகிறவனைச் சந்தேகப்பட எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஆறு பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

பெட்டியைப் பொருத்த யார்டுக்கு நான்தான் போனேன். எடை மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஆபரேட்டர் இருந்தார், நாற்பது வயது இருக்கும். கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் அந்த மேடையில் பல வருடம் உட்கார்ந்தவர். சட்டையை இஸ்திரி போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார்.

“இன்னா மேடம், புது பொட்டியா? பழ்சு நின்னு நின்னு பேஜாரு பண்ணிகினு கீது. லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் என் குடும்பத்தையே இஸ்துத் திட்றான்” என்றார்.

நான் அலுவலகத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தமிழை நான் கல்லூரியில் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன், இன்னொரு பாடம் மாதிரி. மேசைக்கு அடியில் குனிந்து கம்பியைச் செருகும்போது விரல் நசுங்கியது. “அய்ய, இது இன்னாடா இது, கைய கடிச்சிகினு” என்று வாய் தானாக வந்துவிட்டது.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த ஏரியா நீ?”

“வியாசர்பாடி.”

“அப்டி சொல்லு! நானு புளியாந்தோப்பு. அப்பால இன்னாத்துக்கு மேடமு? தங்கச்சின்னு கூப்புட்றேன்” என்றார். அன்று முழுதும் நான் வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினேன். வேலை பார்க்கும் இடத்தில் நான் அப்படிப் பேசிய ஒரே நாள் அதுதான். வாய் வலிக்காமல் இருந்தது.

புது நிரல் எப்போதாவது திணறி நின்றால் அதை மெனு வழியாக மூட நாலு நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் சரிபார்த்துச் சேமித்துவிட்டுத்தான் மூடும். நாலு நிமிடத்தில் அந்த யார்டு வாசலில் லாரிகள் எண்ணூர் சாலை வரைக்கும் போய்விடும். அவர் அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது. கையேட்டில் இல்லாத ஒரு குறுக்குவழியைக் கற்றுக்கொடுத்தேன்.

“அண்ணே, தொங்கிச்சின்னா மெனுவுக்கே போவாத. இந்த ஒரு வரிய அடி, அதுவே செத்துப்பூடும். ஒடனே திருப்பி ஏத்திக்கோ. அர நிமிசம்.”

“செத்துப் பொழக்கிதா? ஷோக்கா கீதே” என்றார். இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்துத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். திருத்தம் உள்ளே இருந்தால் அதில் ஆபத்தே இல்லை. திருத்தம் உள்ளே இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

நாலைந்து மாதம் எந்தப் புகாரும் வரவில்லை. ஒரு நாள் காலை யார்டில் கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டி ஒரு பெட்டியைத் தூக்கியது. எடைச் சீட்டில் காலிப் பெட்டி என்று இருந்ததால் வண்டியின் கையை முழுக்க நீட்டித் தூக்கினார்கள். பெட்டிக்குள் இரும்புச் சாமான். வண்டியின் பின்சக்கரம் மேலே எழும்பி, பெட்டி கீழே விழுந்து வாய் பிளந்தது. ஓட்டியவர் வெளியே குதித்துவிட்டார், கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. கீழே ஆள் இருந்திருந்தால் நான் இதை இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பழைய சீட்டுகளைத் தோண்டினார்கள். சுமையோடு வந்த இன்னும் சில பெட்டிகளுக்குக் காலி லாரியின் எடை விழுந்திருந்தது. எல்லாம் அந்த ஆபரேட்டரின் ஷிப்டில். இன்னொரு ஷிப்டில் ஒன்றுகூட இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? லாரிக்காரர்களிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு பொய் எடை போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டி, அன்றைக்கே அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். விசாரணை அடுத்த வாரம். அதில் குற்றம் உறுதியானால் வேலை போகும். திருடன் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். யார்டுகளுக்குள் சுற்றும் திருடர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எந்த யார்டும் வாசலில் விடாது.

யார்டிலிருந்து வந்த பதிவுகளை எடுத்துவைத்து மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். தப்பான சீட்டு ஒவ்வொன்றும் நிரல் செத்து மறுபடி ஏறிய அடுத்த சில நிமிடங்களில் விழுந்திருந்தது. சில சக்கரங்களின் அளவுகள் பழைய விலாசத்துக்குப் போய்விட, மிச்சத்தை மட்டும் கூட்டி நிரல் காலி லாரியின் எடையைப் போட்டிருந்தது. இன்னொரு ஷிப்டுக்காரர் சோம்பேறி; மெனுவில் மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், லாரிகள் கிடக்கட்டும் என்று. அதனால் அவர் சீட்டு சுத்தம். வேலையை வேலையாகப் பார்த்து, நான் சொன்னபடி அரை நிமிடத்தில் ஏற்றியவர்தான் மாட்டிக்கொண்டார்.

நிரலைத் திறந்தேன். பதினேழாம் பக்கம் வரவேண்டிய இடத்தில் அந்த மூன்று வரி இல்லை.

அவனை மாடிப்படிக்குக் கூட்டிப்போனேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கத்தினேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. “சின்னது மூணையும் அன்னிக்கே போட்டுட்டேன். இத மட்டும் அப்புறம் போடலாம்னு வச்சேன். அந்த லெட்டரு வந்த சந்தோசத்துல மறந்தே போயிட்டு. சத்தியமா மறந்துட்டு.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் ஒரேயடியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

“அப்ப போய்ச் சொல்லலாம் வா” என்றேன்.

கைப்பிடிச் சுவரைச் சுரண்டினான். “அந்தாளு உண்மையாவே வாங்கியும் இருப்பாம்லா? நீ கண்டியா?” என்றான். நான் முறைத்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான். “சரி, நீ சொல்லு. நான் குறுக்க நிக்கல. ஆனா படிவத்துல இருக்கது ஒன் கையெழுத்து. பேனாவுல இருக்கு.”

அன்றிலிருந்து நான் தனியாகச் சாப்பிட்டேன். அதை என் பெரிய எதிர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். என்ன வீரம்!

விசாரணைக்கு மேலாளர் என்னையும் அழைத்துப்போனார். யார்டு அலுவலகத்தில் ஏசி சில்லென்று இருந்தது. யார்டு அதிகாரிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் நாற்காலி போட்டார்கள். ஆபரேட்டர் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், அதே இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது எனக்கே தெரிந்தது.

நிரலை ஏன் அப்படிச் சாகடித்தாய், கையேட்டில் அப்படி இல்லையே, உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“யாரும் இல்ல சார். நானே கத்துகினேன்” என்றார் அவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அப்போதாவது எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

“அப்போ உங்க சாஃப்ட்வேர்ல தப்பு இல்லைன்னு சொல்றீங்க?” என்று எங்கள் மேலாளரைக் கேட்டார்கள். அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமீது வைத்தார்.

“எங்க பொண்ணு வரி வரியா படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கா சார். ஒரு பிழைகூட இல்ல. கேட்டுப் பாருங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. எங்கள் பிளாக்கில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். என்னைக் காட்டித்தான் கீழ்வீட்டுக்காரர்கள் தங்கள் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினார்கள். இப்படி எத்தனையோ எழுதலாம். எதுவும் காரணம் இல்லை. பயம், அவ்வளவுதான். பென்சிலில் எழுதி அழித்தேன் என்று சொன்னால் பன்னிரண்டு பேரின் குட்டும் உடையும், முதல் கல் என் தலையில் விழும்.

“ஆமாம் சார். நான் பரிசோதித்துப் பார்த்தேன். பிழை இல்லை” என்றேன், கல்லூரியில் கற்றுக்கொண்ட தமிழில்.

அவருடைய வேலை போயிற்று.

பத்து நாளில் அந்த மூன்று வரியை நானும் நண்பனும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தோம். மாற்றத்தின் பெயர் ‘வேகத்துக்கான சிறு மேம்பாடு’. யார்டில் அதைப் பொருத்தப் போனதும் நான்தான். அவர் நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு சீட்டுகூடத் தப்பாக விழவில்லை. நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கேள்விப்பட்டேன், யார்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று. “பார்த்தியா, ஆளு போனான், திருட்டும் நின்னுடுச்சு.” விசாரணையில் நான் சொன்ன பொய்யைவிட அந்த மூன்று வரிதான் அவரை அதிகமாகத் திருடன் ஆக்கியது. எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த ஆபரேட்டர் கையிலும் தப்புச் சீட்டு விழுந்திருக்கும், யாராவது யோசித்திருப்பார்கள். பிழையைத் திருத்தி, அது இருந்ததற்கான கடைசித் தடயத்தையும் நானே துடைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பதினோரு மணி வாக்கில், வாட்ச்மேன் மேலே வந்து யாரோ என்னைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார். கீழே பெயின்ட் கடை ஓரமாக ஆபரேட்டர் நின்றிருந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை. காசிமேட்டில் ஐஸ் வண்டி தள்ளுவதாகச் சொன்னார். சண்டைக்கு வந்திருப்பார் என்று பயந்தேன். விசாரணையில் என் பெயரைச் சொல்லாமல் விட்டதை இப்போது எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவே இல்லை.

“தங்கச்சி, ஒரே ஒரு டவுட்டும்மா. வேலைய உடு, அது பூட்ச்சி. வூட்ல பொண்ணு கேக்குது, பத்தாவது படிக்கிது. நெய்னா, நீ துட்டு வாங்கினியான்னு. நான் இல்லன்றேன். அப்ப மிஷினு தப்பான்னு கேக்குது. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது? நீ அத்த வரி வரியா படிச்ச பொண்ணு. நீயே சொல்லு. மிஷின்ல எதுனா தப்பு இருந்திச்சா?”

வாட்ச்மேன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால், அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்காது. பெண்ணிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கும். அதைத்தான் கேட்டு வந்திருந்தார்.

“இல்லண்ணே. மிஷின்ல தப்பு இல்ல” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப நான்தான் எத்தியோ தப்பா அமுக்கிகீறேன் போல. படிப்பு இல்லாதவன் கையில கம்ப்யூட்டரு குடுத்தா இப்டித்தான்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஆனா துட்டு வாங்கலம்மா. அத்த நீ நம்பறியா?”

“நம்புறேண்ணே.”

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. “போதும். நீ நம்பறேன்னு எம்பொண்ணுகிட்ட சொல்லிக்கிறேன். படிச்சவங்க சொன்னா அது நம்பும்” என்றார். வாட்ச்மேனிடம் திரும்பி, “நம்ம ஏரியா பொண்ணு. பெரிய இன்ஜினீரு” என்றார். பிறகு என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.